நாலாம் ஸ்டேஜ் என்றதும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்: நிணநீர்ப் புற்றுநோய் குறித்து வாசகர் கேள்வி – பதில்

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றிக் குமரி மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: "பிழைத்துவிடுவாரா?" ஒருவருக்கு ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எவையெல்லாம் அந்தப் பதிலை மாற்றுகின்றன என்று சொல்ல முடியும். அவற்றில் சில நோயைப் பொறுத்தவை, சில நோயாளியும் வீட்டாரும் மருத்துவமனையும் செய்வதைப் பொறுத்தவை. இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதியிருக்கிறோம்.

அப்பாவுக்கு 58 வயது, கடல் தொழில். கழுத்தில் நெறி கட்டி, பயாப்சியில் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா' என்று வந்திருக்கிறது. பெட் ஸ்கேனில் கல்லீரலிலும் இடுப்பு எலும்பிலும் இருப்பதாகத் தெரிகிறது. எல்.டி.எச். 640. நாலாம் ஸ்டேஜ் என்கிறார்கள். "இனி எதுக்கு அவரை வேதனைப்படுத்தணும், வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்கிறார் சித்தப்பா. என்ன செய்ய? — குளச்சல்

கூட்டி வராதீர்கள். வயிறு, நுரையீரல் போன்ற உறுப்புகளில் தொடங்கும் புற்றுநோய்க்கு நாலாம் ஸ்டேஜ் என்றால் பெரும்பாலும் முழுக் குணம் எட்டாது என்று பொருள். லிம்போமா அப்படியல்ல. நிணநீர் செல்கள் இயல்பிலேயே உடல் முழுக்கச் சுற்றி வருபவை. அவற்றில் வரும் நோயும் பல நேரம் பரவித்தான் இருக்கும். கீமோ மருந்தும் ரத்தத்தோடு உடல் முழுக்கப் போகிறது. அதனால் நாலாம் ஸ்டேஜிலும் முழுமையாகக் குணமாக்கும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தொடங்குவார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது வேகமாக வளரும் வகை. சிகிச்சை இல்லாவிட்டால் மாதக் கணக்கில் உயிரைப் பறிக்கும். அதே வேகத்தால்தான் மருந்துக்கும் நன்றாகக் கரையும்.

இந்த வகைக்கு 1993 முதல் உலகெங்கும் ஐந்து காரணிகளை எண்ணிப் பார்க்கிறார்கள். வயது 60க்கு மேலா? ஸ்டேஜ் மூன்று அல்லது நான்கா? ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி இயல்பைத் தாண்டியிருக்கிறதா? நிணநீர் முடிச்சுகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் நோய் இருக்கிறதா? (மண்ணீரல் இந்தக் கணக்கில் வராது.) நோயாளி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறாரா, அல்லது தொழிலுக்குப் போக முடியாமல் படுத்துப் படுத்து எழுகிறாரா? ஒவ்வொரு பாதகத்துக்கும் ஒரு புள்ளி. அப்பாவுக்கு ஸ்டேஜ் ஒன்று, எல்.டி.எச். ஒன்று, கல்லீரலும் எலும்பும் சேர்ந்து ஒன்று: மொத்தம் மூன்று. நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம்.

இணையத்தில் தேடினால் மூன்று புள்ளிக்கு ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 43 சதவீதம், நான்கைந்து புள்ளிக்கு 26 சதவீதம் என்று கண்ணில் படும். அவை 1993ஆம் ஆண்டின் கணக்கு. ரிட்டுக்ஸிமேப் என்ற மருந்து வருவதற்கு முந்தையவை. 60 முதல் 80 வயதுக்காரர்களிடம் அந்த மருந்தைப் பழைய கீமோவோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2002இல் வெளியானது. இரண்டாண்டு உயிர்வாழ்வு 57 சதவீதத்திலிருந்து 70 ஆக உயர்ந்திருந்தது. அதன் பிறகு 2007இல் திருத்திய கணக்கில் ஒரு புள்ளியும் இல்லாதவர்களில் நான்கு ஆண்டைக் கடந்தவர்கள் 94 சதவீதம், ஒன்றிரண்டு புள்ளிக்காரர்களில் 79, மூன்றும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 55. ஆக, அப்பா இருக்கும் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நான்காண்டைத் தாண்டியிருக்கிறார்கள். இது ஒரு கூட்டத்தின் கணக்கு. அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று அது சொல்லாது; ஆனால் சிகிச்சையே வேண்டாம் என்பதற்கு அதில் எந்த நியாயமும் கிடையாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. திசு அறிக்கையில் 'மிக்' 'பி.சி.எல்.2' மரபணுக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று 'ஃபிஷ்' சோதனை செய்தார்களா? இரண்டும் மாறியிருந்தால் அது 'டபுள் ஹிட்'. வழக்கமான மருந்துக்கு அவ்வளவாக மசியாது, வீரியமான முறை தேவைப்படலாம். சிறுநீரகத்திலோ, அதன் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ, விரையிலோ நோய் இருந்தால் மூளைக்குப் போகும் ஆபத்து கூடுதல், அதையும் கேளுங்கள்.

வழக்கமான மருந்துக்கு 'ஆர்-சாப்' என்று பெயர்; ரிட்டுக்ஸிமேப்போடு சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், ஸ்டீராய்டு சேர்ந்த கூட்டு அது. 21 நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஆறு முறை. ரிட்டுக்ஸிமேப்பை 2007 முதல் இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலை முன்பைப் போல இல்லை. 'பொலாட்டுஸுமேப்' என்ற விலை உயர்ந்த மருந்தைச் சேர்ப்பது பற்றியும் பேச்சு வரும். 2022இல் வந்த ஆய்வில் இரண்டாண்டுகள் நோய் கூடாமல் இருந்தவர்கள் 70.2 சதவீதத்திலிருந்து 76.7 ஆனார்கள், மொத்த உயிர்வாழ்வில் அப்போது வேறுபாடு தெரியவில்லை. வசதி இருந்தால் நல்லது. அதற்காகப் படகையும் நகையையும் விற்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. அந்தப் பணம் ஆறு கீமோவையும் தேதி தவறாமல் முடிக்க உதவட்டும்.

தேதி தவறாமல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். கோட்டாறு சவேரியார் திருவிழா கழியட்டும், மண்டைக்காடு கொடை முடியட்டும் என்று ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இரண்டு கீமோவுக்கு நடுவே உடல் தேறுவதுபோல மிச்சமிருக்கும் புற்று செல்லும் தேறும். வெள்ளை அணு குறைந்ததால் மருத்துவர் தள்ளிவைப்பது வேறு. நாமாகத் தள்ளக் கூடாது.

மகளுக்கு 22 வயது. கழுத்தில் கட்டி. ஊசி வைத்து எடுத்த பரிசோதனையில் 'கிரானுலோமா' (டி.பி.யில் வழக்கமாகத் தெரியும் அழற்சி செல் திரள்) என்று வந்ததால் டி.பி. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. கட்டி குறையவில்லை, ராத்திரி துணி நனையும் அளவுக்கு வியர்க்கிறது. கட்டியை அறுத்து எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அறுத்தால் பரவிவிடும் என்று பயமாக இருக்கிறது. — தக்கலை

அறுப்பதால் லிம்போமா பரவாது. அறுக்காமல் காத்திருப்பதுதான் கெடுதல்.

நம் நாட்டில் கழுத்து நெறிக்கு முதல் சந்தேகம் டி.பி. என்பது இயல்பு, பல நேரம் அது சரியும்கூட. சிக்கல் என்னவென்றால் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. லிம்போமாவின் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமா உள்ள முடிச்சிலும் கிரானுலோமா தென்படலாம். ஊசியில் வருவது உதிரி செல்கள் மட்டுமே. லிம்போமாவை அடையாளம் காணவும் அதில் எந்த வகை என்று பிரிக்கவும் முடிச்சின் முழு அமைப்பும் வேண்டும். எனவே சாத்தியமான இடத்தில் ஒரு முடிச்சை முழுதாக எடுப்பதே சரி. பல இடத்தில் நெறி இருந்தால் பெரியதும் எளிதில் எட்டக்கூடியதுமானதை எடுப்பார்கள். தொடை இடுக்கில் உள்ளதைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள், அங்கே சாதாரணப் புண்ணுக்கும் நெறி கட்டும்.

எடுத்த பிறகு நடக்கும் தவறுகள் அதிகம். திசுவின் ஒரு பகுதி 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் மூழ்க வேண்டும். அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் உள்பகுதி அழுகி, அறிக்கை 'உறுதி செய்ய இயலவில்லை' என்று வரும். மற்றொரு பகுதி ஃபார்மலின் படாமல் வெறும் சலைனில் டி.பி. கல்ச்சருக்கும், அந்தக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனைக்கும் போக வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியை வளர்க்க முடியாது. அறுவை அறைக்குப் போகும் முன்பே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம். வீக்கம் குறையட்டும் என்று சிலர் கொடுத்துவிடுகிறார்கள். கட்டி ஒரு வாரத்தில் சுருங்கும், வீட்டில் எல்லாரும் மகிழ்வார்கள். பிறகு எடுத்த திசுவில் நோயின் அடையாளமே தெரியாமல் போகும். மூச்சு முட்டுவது போன்ற அவசர நிலை மட்டும் விதிவிலக்கு.

டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சரியான டி.பி. சிகிச்சையிலும் சில முடிச்சுகள் நடுவில் பெரிதாவது உண்டு. முடிவு வரும்வரை தொடருங்கள். மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் ரசீது போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரமோ வேலூரோ போனால் முதலில் கேட்பது அவற்றைத்தான். கடைசியாக ஒன்று: ஹாட்ஜ்கின் என்றே வந்தாலும் இந்த வயதில், ஆரம்ப ஸ்டேஜில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஐந்து ஆண்டைக் கடக்கிறார்கள்.

ஹாட்ஜ்கினுக்கு 'ஏ.பி.வி.டி.' என்ற நான்கு மருந்துக் கூட்டைப் போடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில் 'டோவில் 4' என்று இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? — மார்த்தாண்டம்

டோவில் என்பது ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோல். ஸ்கேனுக்கு முன் ஏற்றும் சர்க்கரை மருந்தை உறிஞ்சி மிச்சமிருக்கும் கட்டி எந்த அளவுக்கு ஒளிர்கிறது என்பதை நெஞ்சின் நடுவிலுள்ள ரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். கல்லீரல் அளவுக்குள் இருந்தால் மூன்று வரை. அது நல்ல செய்தி. கல்லீரலை ஓரளவு மிஞ்சினால் நான்கு. வெகுவாக மிஞ்சினாலோ புதுக் கட்டி இருந்தாலோ ஐந்து.

இரண்டு மாதத்து பெட் ஸ்கேன் ஹாட்ஜ்கினில் மிக வலுவான முன்னறிவிப்பு. சுத்தமாக இருந்தால், நோய் பரவியவர்களுக்கும் பிளியோமைசின் என்ற மருந்தை விட்டுவிட்டு மற்ற மூன்றோடு தொடரலாம் என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. பிளியோமைசின் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது என்பதால் இது பெரிய நிம்மதி. நான்கு என்றால் மருந்தை வீரியமாக்குவது பற்றி மருத்துவர் பேசுவார். அதற்கு முன், முதல் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து இடத்தில் எரிந்தது ஒரே இடத்தில் மங்கலாக மிஞ்சியிருப்பதும் நான்குதான். அப்படியே குறையாமல் இருப்பதும் நான்குதான். இரண்டும் ஒன்றல்ல.

ஸ்கேன் தவறாகக் காட்டும் காரணங்களையும் சரிபாருங்கள். வெள்ளை அணு ஏற்றும் ஊசி போட்டுச் சில நாளில் எடுத்திருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும். மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குக் குடல் ஒளிரும். சளி, நிமோனியா இருந்தால் நுரையீரல் ஒளிரும். ஆறு மணி நேரப் பட்டினியும், ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழும் வேண்டும். சிகிச்சை முடிந்த பின் எடுக்கும் கடைசி ஸ்கேனைக் கீமோவுக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரமும், கதிர்வீச்சுக்குப் பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரமும் கழித்து எடுப்பதே நம்பகமானது.

கீமோ போட்ட பத்தாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மழைக் காய்ச்சலாக இருக்கும் என்று மாத்திரை போட்டோம். மறுநாள் நிலைமை மோசமாகி ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். இனி எப்படிக் கவனிப்பது? நாங்கள் மலையோரத்தில் இருக்கிறோம். — அருமனை

நோயை வெல்லும் மருந்து இருந்தும் நோயாளியை இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். கீமோவுக்குப் பின் ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு 500க்குக் கீழே இருக்கும்போது கிருமி வந்தால் சீழ், வீக்கம், சளி எதுவும் காட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. மாத்திரை போட்டு அதைத் தணித்துவிட்டால் அந்த ஒரே அறிகுறியும் மறைந்துவிடும்.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை. ஒரு முறை 101 ஃபாரன்ஹீட் காட்டினால், அல்லது 100.4 ஒரு மணி நேரம் நீடித்தால், நடு இரவானாலும் கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கம் வந்தால் அளவே பார்க்க வேண்டாம். பாரசிட்டமால் போடுவதற்கு முன் காய்ச்சலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நரம்பு வழியாகச் செலுத்தும் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும் என்பது இலக்கு. அருமனையிலிருந்து புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரே போக அதற்கு மேல் ஆகும் என்றால், பக்கத்திலுள்ள, 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கிற மருத்துவமனையில் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு பிறகு போங்கள். அங்கே இருக்கும் மருத்துவருக்கு அம்மாவைத் தெரியாது. அதனால் நோயின் பெயர், போட்ட மருந்து, தேதி, ஒவ்வாமை, புற்றுநோய் மருத்துவரின் எண், 'காய்ச்சல் வந்தால் உடனே கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கவும்' என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் மருத்துவரிடமே எழுதி வாங்கிப் பையில் வைத்திருங்கள். வாகனம் இல்லாவிட்டால் 108.

இந்த நாட்களில் ஆசனவாயில் வைக்கும் மருந்தும் எனிமாவும் கூடாது. மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்குவும் எலிக்காய்ச்சலும் உண்டுதான். அவற்றுக்கான சோதனை நடக்கட்டும். முடிவு வரும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைக்கக் கூடாது.

அடுத்த முறை வெள்ளை அணு ஏற்றும் ஊசியை முன்கூட்டியே போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை 6 மில்லிகிராம், கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குப் பின் ஒரே தடவை. இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஐஸ் பையோடு ஒட்டாமல் நடுவே துணி வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

மாமியாருக்கு 76 வயது, சர்க்கரை உண்டு, பைபாஸ் ஆகியிருக்கிறது. இந்த வயதில் கீமோ தாங்குமா? — நாகர்கோவில்

வயதைவிட உடலின் திராணி முக்கியம். சமையல், குளியல், பணக் கணக்கு, மருந்து எல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும் 76 வேறு; கட்டிலிலேயே நாளைக் கழிக்கும் 76 வேறு. மருந்தில் இதயத்துக்குச் சுமையாவது டாக்ஸோரூபிசின். தொடங்கும் முன் எக்கோ அவசியம். இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் அளவு 50 சதவீதத்துக்குக் கீழே என்றால் மருந்தை மாற்றுவார்கள். 80 தாண்டியவர்களுக்கென்றே அளவு குறைத்த 'மினி சாப்' இருக்கிறது. அதை ரிட்டுக்ஸிமேப்போடு கொடுத்த 2011ஆம் ஆண்டின் ஆய்வில் இரண்டாண்டு கடந்தவர்கள் 59 சதவீதம். எண்பதைத் தாண்டியவர்களின் கணக்கு இது என்பதை மறக்க வேண்டாம்.

பயாப்சி முடிந்த பின், கீமோவுக்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து உடலைத் தேற்றும் முறை முதியவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. முதல் கீமோவில் நேரும் ஆபத்து குறைகிறது. ஆனால் அந்த நாட்களில் சர்க்கரை 400 வரைகூட ஏறலாம். மாத்திரை போதாது, தற்காலிகமாக இன்சுலின் வேண்டியிருக்கும். சர்க்கரை மருத்துவரையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதாம். கீமோ போட முடியாதா? — திருவட்டாறு

போடலாம், துணைமருந்தோடு. ரிட்டுக்ஸிமேப், அடங்கிக் கிடக்கும் பி வைரஸை எழுப்பிக் கல்லீரலையே முடக்கக்கூடும். எனவே என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைக் கீமோவுக்கு முன்பே தொடங்கி, கடைசி ரிட்டுக்ஸிமேப்புக்குப் பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும். மஞ்சள் காமாலை இல்லையே என்று நடுவில் நிறுத்தியதும் கல்லீரல் செயலிழக்கும் ஆபத்து உண்டு. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' சோதனையில் இல்லை என்று வந்தவர்களும் 'ஆன்டி எச்.பி. கோர்' சோதனை செய்துகொள்ள வேண்டும். பழைய தொற்றின் தடம் அதில்தான் தெரியும்.

நாலாவது கீமோ ஆயிற்று. விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மலச்சிக்கலும் கடுமை. இடுப்பில் படை வந்ததால் கடையில் 'இட்ராகோனசோல்' வாங்கிச் சாப்பிடுகிறேன். — குலசேகரம்

அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். மரத்துப்போவதும் மலச்சிக்கலும் வின்கிரிஸ்டின் மருந்தின் பக்கவிளைவு. இட்ராகோனசோல் அந்த மருந்தை உடலிலிருந்து வெளியேற விடாமல் தேக்கி விஷமாக்கும். குடல் அசைவே நின்றுபோகலாம். படைக்குப் பூசும் களிம்பு போதும். பொத்தான் போட முடியவில்லை என்பதை அடுத்த கீமோவுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் அளவைக் குறைப்பார்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் மறைக்கிறார்கள். வின்கிரிஸ்டினைக் குறைப்பதால் குணமாகும் வாய்ப்பு பெரிதாகக் கெடுவதில்லை. டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சரியான அளவில் போவதுதான் முக்கியம்.

முள்ளாத்தா (முள் சீத்தா) இலைக் கஷாயம் குடித்தால் கட்டி கரையும் என்கிறார்கள். மீன், முட்டை சூடு என்று நிறுத்திவிட்டோம். சரிதானா? — கருங்கல்

இரண்டும் சரியில்லை. முள்ளாத்தாவின் சாறு ஆய்வகக் கண்ணாடிக் குப்பியில் செல்களைக் கொன்றிருக்கிறது. லிம்போமா நோயாளியைக் குணமாக்கியதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. அந்தக் குடும்பத்துச் செடியிலுள்ள அன்னோனாசின் நரம்பு செல்களுக்கு நஞ்சு. கரீபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் நெடுநாள் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே வின்கிரிஸ்டினால் நரம்பு தளரும் நேரத்தில் இது தேவையா? நம் மாவட்டத்தில் வைத்தியர்களிடம் மக்களுக்குப் பெரும் நம்பிக்கை உண்டு, அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எந்தச் சூரணம், எந்தக் கஷாயம் எடுத்தாலும் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

மீனை நிறுத்தியது பெரிய இழப்பு. ஹாட்ஜ்கினில் பார்க்கும் ஏழு காரணிகளில் ரத்த ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே இருப்பது ஒன்று, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே இருப்பது இன்னொன்று. பெரும்பாலும் நோயின் தீவிரத்தால்தான் இவை குறைகின்றன. சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிட முடியாது. ஆனால் பட்டினி நிலைமையை மோசமாக்கும். சாளை, நெத்திலி எதுவானாலும் அன்றைக்குப் பிடித்தது, நன்றாக வெந்தது, நாளொன்றுக்கு இரண்டு வேளை. முட்டை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவிக்க வேண்டும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) மட்டும் தின்று வயிற்றை நிரப்பினால் புரதம் போதாது. மீன் கறியோ பயறோ கூட வேண்டும். வாய்ப்புண் இருந்தால் கஞ்சியில் பயறு சேர்த்துக் குழைத்து ஆறவைத்துக் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொதித்தபின்தான். பழம் தோல் உரிப்பதாக இருக்கட்டும்: மட்டி, ஏத்தன் வாழைப்பழங்கள் நல்லது.

மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு இருப்பதால் எங்கள் பகுதியில் வரும் லிம்போமா குணமாகாது என்கிறார்களே? — மணவாளக்குறிச்சி

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பது 1909இலேயே தெரிந்தது. இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது வேறு ஊர் என்றாலும் நெருங்கிய ஒப்பீடு. நோய் வந்த பிறகு குணமாவதோ ஆகாததோ வகை, நிலை, சிகிச்சையைப் பொறுத்தது. முகவரியைப் பார்த்து மருந்து வேலை செய்வதில்லை.

அண்ணனுக்கு 'ஃபோலிக்குலர் லிம்போமா'. மூன்றாம் ஸ்டேஜ் என்று சொல்லிவிட்டு, மருந்தே கொடுக்காமல் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா? — பூதப்பாண்டி

இல்லை. இது மெதுவாக நகரும் வகை. பலர் பதினைந்து, இருபது ஆண்டு இதோடு வாழ்கிறார்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்கு உடனே கீமோ கொடுத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் ஆயுளில் வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்கள் மருந்தின் தொல்லையிலிருந்து தப்பினார்கள். காய்ச்சலோ, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடைக் குறைவோ, உறுப்பை அழுத்தும் கட்டியோ, ரத்த அணுக் குறைவோ வந்தால் தொடங்குவார்கள்.

இரண்டைக் கவனியுங்கள். ஒரு கட்டி மட்டும் திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ எல்.டி.எச். எகிறினாலோ தீவிர வகையாக மாறியிருக்கலாம். ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆகிறது. அப்போது பழைய அறிக்கையை வைத்துச் சிகிச்சை செய்யாமல், அந்தக் கட்டியிலிருந்தே மீண்டும் பயாப்சி எடுக்க வேண்டும். இரண்டாவது, கீமோ தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பினால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு அப்படித் திரும்புகிறது. அவர்களில் ஐந்து ஆண்டைக் கடப்பவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்களுக்குத் தொண்ணூறு சதவீதம்.

சிகிச்சையை எங்கே எடுப்பது? பணத்துக்கு என்ன வழி? — களியக்காவிளை

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, நெய்யூர் புற்றுநோய் மருத்துவமனை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் என்று வழிகள் உண்டு. முதல் முடிவையும் பயாப்சி மறுஆய்வையும் பெரிய மையத்தில் செய்துகொண்டு, கீமோவை வீட்டுக்குப் பக்கத்தில் எடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் காரணம் பயணமும் கூலி இழப்பும்தான்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். நோய் உறுதியான அன்றே இதைத் தொடங்குங்கள். எல்லை தாண்டி கேரளத்துக்குப் போகும் முன் அந்த மருத்துவமனை நம் அட்டையை ஏற்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழு விலக்கு, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் படிவம் வேண்டும்.

ஆறு கீமோவும் முடிந்து ஸ்கேன் சுத்தம். எப்போது பயம் நீங்கும்? திரும்பி வந்தால் வழி உண்டா? — கன்னியாகுமரி

டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையில் நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டில்தான். கண்டறிந்த நாளிலிருந்து 24 மாதம் நோய் தலைகாட்டாமல் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளை நெருங்கிவிடுகிறது என்று 2014இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த இரண்டு ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை போதும். தொந்தரவே இல்லாமல் அடிக்கடி பெட் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, பொய் எச்சரிக்கையும் செலவும்தான் கூடும்.

திரும்பினால் முதலில் மீண்டும் பயாப்சி. வேறு கீமோவுக்கு நோய் மசிந்தால், உடல் தாங்குபவருக்கு அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து மாற்றும் சிகிச்சை உண்டு. நோயாளியின் டி செல் என்ற நோயெதிர்ப்பு செல்லை எடுத்துப் பயிற்றித் திருப்பிச் செலுத்தும் 'கார்-டி' சிகிச்சைக்கு, ஐ.ஐ.டி. மும்பையும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19'க்கு, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையைவிட வெகுவாகக் குறைவு, ஆனாலும் பல லட்சம்.

ரிட்டுக்ஸிமேப் முடிந்து ஆறு மாதம்வரை தடுப்பூசிகள் சரிவரப் பிடிக்காது. அதன் பிறகு நிமோனியா, ஃப்ளூ ஊசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு எடுத்திருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை தைராய்டு சோதனை. மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எக்கோ எடுங்கள்; எத்தனை ஆண்டு கழித்தானாலும், டாக்ஸோரூபிசின் போட்டவர் என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.